மானுக்கு முகம் உண்டு, வாயுவுக்கு இல்லை

அசைகிற எதையும் உயிருள்ளதாக எடுத்துக்கொள்வது மனித மனத்தின் பழக்கம். 1944இல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு படம் தயாரித்துக் கல்லூரி மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறு வட்டம், கதவுபோல் திறந்து மூடும் பக்கமுள்ள ஒரு செவ்வகம். கண், முகம், வசனம் எதுவும் இல்லை. என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் இடம்பெயர்ந்ததை வடிவங்களாகவே விவரித்தார். மற்றவர்கள் முரட்டு முக்கோணத்தையும் பயந்து ஒளியும் வட்டத்தையும் பற்றிக் கதை எழுதினார்கள். அனிமேஷன் என்னும் கலையின் முதலீடு இந்தப் பழக்கம்தான். ஒரு கோட்டை விநாடிக்கு 24 சட்டங்களில் நகர்த்தினால் அதன்மேல் பரிவு கொள்ளும் வேலையைப் பார்ப்பவர் தாமே செய்துவிடுகிறார்.

காலநிலை மாற்றத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனிமேஷனைத் தேர்வதற்கு இதுவே முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. பாடப்புத்தகம் தகவல் தரும், கார்ட்டூன் பரிவைத் தரும் என்பது வாதம். வாதத்தில் பாதி உண்மை. எதன்மேல் பரிவு, அந்தப் பரிவு என்ன தெரிந்துகொண்டு பிறக்கிறது என்பதே மீதிப் பாதி. அதற்கு விடை தரும் பழைய சான்று ஒன்று உண்டு. அது ஒரு மான்குட்டி.

டிஸ்னியின் 'பேம்பி' 1942இல் வெளிவந்தது. அசல் மானின் உடலசைவைப் படிக்க மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள். உடல் மானுடையதாக இருந்தாலும் முகத்தின் பாவங்களை மனிதக் குழந்தைகளின் படங்களைப் பார்த்து வரைந்தார் மார்க் டேவிஸ். அகன்ற நெற்றி, பெரிய கண், சிறிய மூக்கு, உருண்ட கன்னம் ஆகியவை எந்த உயிரிடத்தில் இருந்தாலும் மனிதரிடம் காக்கும் உணர்வைத் தூண்டும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லாரன்ஸ் 1943இல் எழுதினார். ஓவியர்களுக்கு அது முன்பே கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. படத்தில் தாய்மான் வேட்டையில் சாகிறது. காட்டில் மனிதர்கள் மூட்டிய தீ பரவி எல்லாவற்றையும் எரிக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்களின் இதழொன்று படத்தைக் கண்டித்தது. அத்தனை தூரம் அது மனத்தைத் தைத்தது.

அமெரிக்க வனத்துறையினர் இந்த உணர்வைப் பயன்படுத்திக்கொள்ள நினைத்தார்கள். 1944இல் காட்டுத்தீ தடுப்புச் சுவரொட்டிக்குப் பேம்பியின் உருவத்தை டிஸ்னி ஓராண்டுக்கு மட்டும் இரவல் தந்தார். ஆண்டு முடிந்ததும் வேறு விலங்கு தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் தொப்பி போட்ட கரடி, ஸ்மோக்கி. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கக் குழந்தைகள் அந்தக் கரடியிடம் கற்ற பாடம், காட்டில் தீ என்றாலே தீமை என்பது. ஆனால் மேற்கு அமெரிக்காவின் வறண்ட காடுகள் பலவற்றில் தரையோடு படர்ந்து அணையும் சிறு தீ இயல்பான ஒன்று. பூர்வகுடிகள் அதைத் திட்டமிட்டும் மூட்டிவந்தார்கள். எல்லாத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்று வனத்துறை 1935இல் வகுத்த கொள்கையும் அதற்குக் கரடி சேர்த்துக் கொடுத்த மக்கள் ஆதரவும் சேர்ந்து, காட்டுத்தரையில் சருகும் சுள்ளியும் புதர்களும் பல பத்தாண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போக வழி செய்தன. இன்று பூமி சூடாகி, காடு காய்ந்து கிடக்கையில் அவையே பெருந்தீக்கு விறகாகின்றன. 2001இல் ஸ்மோக்கியின் வாசகத்தில் இருந்த ஒரு சொல்லை மாற்றினார்கள். அதிகாரிகளே திட்டமிட்டு மூட்டும் தீயையும் கட்டுக்கடங்காத தீயையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக.

ஜப்பானில் நடந்தது இன்னும் துல்லியமான பாடம். 1977இல் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 'ரஸ்கல்' என்ற ரக்கூன் குட்டியைப் பற்றி 52 பகுதிகள் கொண்ட தொடரை ஒளிபரப்பியது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த் தம் சிறுவயதில் வளர்த்த ரக்கூனைப் பற்றி எழுதிய நூலே அதன் மூலம். தொடரைப் பார்த்த பிள்ளைகள் தங்களுக்கும் ஒரு ரக்கூன் வேண்டும் என்றார்கள். வட அமெரிக்காவிலிருந்து குட்டிகள் இறக்குமதியாயின. குட்டியாக இருந்தவரை சரி. வளர்ந்த ரக்கூன் கடிக்கும், பிராண்டும், கதவைத் திறக்கும், அடுக்களையைச் சூறையாடும். கதையின் முடிவில் சிறுவன் தன் ரக்கூனைக் காட்டில் விட்டுவிடுகிறான். ஜப்பானியக் குடும்பங்கள் பலவும் அதையே செய்தன. கதை நடந்த விஸ்கான்சின் காடு ரக்கூனின் பிறந்தகம், ஜப்பான் அப்படியல்ல. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் ரக்கூன்கள் பரவி, பயிரையும் பழைய கோயில்களின் மரக்கட்டுமானத்தையும் பாழாக்குகின்றன. பிடித்து அழிக்கப்படும் ஊடுருவல் விலங்குகளின் பட்டியலில் ரக்கூனும் உள்ளது. விலங்கை நேசிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு தொடர், எண்ணற்ற ரக்கூன்களின் சாவில் முடிந்தது.

மயிலுக்குக் குளிருமே என்று போர்வை தந்த பேகனின் செயலைத் தமிழ் மரபு கொடைமடம் என்றது. மடம் என்றால் அறியாமை; இங்கே அது இகழ்ச்சி அன்று, பெருமைதான். ஆனால் சொல்லுக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது: மயிலுக்குத் தோகை உண்டு, அது போர்வை கேட்கவில்லை. ரஸ்கலைப் பார்த்த பிள்ளைகளின் பரிவும் அந்த வகை.

இப்படிச் சொல்லப்படும் கதைகள் எல்லாமே உண்மையும் அல்ல. 'ஃபைண்டிங் நீமோ' படம் (2003) வந்தபின் கோமாளி மீன் விற்பனை எகிறிக் கடல்கள் காலியாயின என்று பல ஆண்டுகள் செய்தித்தாள்கள் எழுதின. தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. 'ஃபைண்டிங் டோரி' (2016) வந்த பிறகு அதில் வரும் நீல மீனைப் பற்றி இணையத்தில் தேடியவர்கள் சில வாரங்களுக்குக் கூடினார்கள், அமெரிக்காவுக்கான இறக்குமதியில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை என்று டியோகோ வெரிசிமோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டார்கள். ஒரு படம் ஆவலைத் தூண்டுகிறது, ஆவல் சீக்கிரம் வடிகிறது. தீமைக்கு மட்டுமல்ல, நன்மைக்கும் பொருந்தக்கூடிய முடிவு இது. ஒரே ஒரு படம் பார்த்த குழந்தை சூழலியலாளராக மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பும் இதே தராசில் நிற்க வேண்டும்.

காலநிலை மாற்றத்துக்கு வருவோம். மானுக்கும் ரக்கூனுக்கும் முகம் இருக்கிறது, கரியமில வாயுவுக்கு இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த அது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிறமும் மணமும் இல்லை. அதன் விளைவு தெரிவதோ பல ஆண்டுகளின் சராசரியில். இவ்வளவு கதைக்கு ஒத்துவராத பொருளைக் கதையாக்க எளிய வழி ஒன்று உண்டு: வில்லனை உண்டாக்குவது. 1990இல் தொடங்கிய 'கேப்டன் பிளானட்' தொடர் அதைத்தான் செய்தது. ஐந்து கண்டங்களைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளின் மோதிரங்களில் நிலம், நெருப்பு, காற்று, நீர், இதயம் என்று ஐந்து ஆற்றல்கள். ஐந்தாவதான இதயம் ஒத்துணர்வைக் குறித்தது. அமேசான் காட்டுச் சிறுவனுக்கு அது கிடைத்தது. மற்ற நான்கோடு ஒப்பிட்டு அதை உதவாத ஆற்றல் என்று பார்வையாளர்கள் கேலி செய்தது தனிக்கதை. தொடரின் உண்மையான குறை வேறு. அதில் கழிவைக் கொட்டுகிறவர்கள் முகம் கோணிய கயவர்கள், ஊரைக் கெடுப்பதிலேயே இன்பம் காண்பவர்கள். உண்மையில் புகை வருவது வீட்டு மின்சாரத்திலிருந்து, அப்பாவின் பைக்கிலிருந்து, சிமெண்டிலிருந்து. வில்லனை அடித்து விரட்டியதும் வானம் தெளிந்துவிடும் என்று பழகிய குழந்தைக்குத் தன் வீட்டு மின்விளக்கும் கதையில் ஒரு பாத்திரம் என்பது எட்டாமலே போகிறது.

வில்லன் இல்லாமல் காட்டக்கூடிய ஒன்று அனிமேஷனின் கையில் வேறு எந்த ஊடகத்தையும் விட நன்றாக இருக்கிறது. காலத்தைச் சுருக்குவதும், கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பதும்தான் அது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2016இல் வெளியிட்ட சுருள் படம் இதற்கு நல்ல உதாரணம். பன்னிரண்டு மாதங்களும் வட்டமாக நிற்க, 1850 முதல் ஒவ்வோர் ஆண்டின் வெப்பநிலையும் ஒரு கோடாகச் சுற்றி வருகிறது. முதலில் கோடு நடுவில் தள்ளாடுகிறது. பிறகு வட்டம் மெல்ல விரிகிறது, கடைசிப் பத்தாண்டுகளில் விளிம்பை நோக்கி விரைகிறது. கதாபாத்திரமும் இல்லை, பேச்சும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அது காட்டப்பட்டது. ஹைடரும் சிம்மலும் காட்டிய முக்கோணங்களைப் போலவே அந்தக் கோடும் ஏதோ செய்யத் துடிப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

காரியம் நடக்கும் முறையைக் காட்டுவதன் பலனைச் சோதித்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரான்னி. பூமி ஏன் சூடாகிறது என்று கேட்டபோது அமெரிக்கப் பெரியவர்களிலேயே ஏறக்குறைய யாராலும் விளக்க முடியவில்லை. சூரிய ஒளி காற்றைக் கடந்து வந்து தரையைச் சூடாக்குகிறது. தரை அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு மூலக்கூறு ஒளியை விட்டுவிடும், அகச்சிவப்பை வாங்கி அதிர்ந்து எல்லாப் பக்கமும் வீசும். சுமார் 400 சொற்களில் இதை விளக்கியதும் புரிதல் கூடியது, காலநிலை மாற்றம் உண்மை என்பதை ஏற்பதும் கூடியது. 2013இல் இதையே ஐந்து நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களாக அவர் குழுவினர் இணையத்தில் இட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் குழந்தைகள் அல்லர் என்பதை மறக்கலாகாது. இருந்தாலும், பயமுறுத்தாமல், யாரையும் பழிக்காமல், நடப்பதைக் காட்டினாலே மனம் அசைகிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

அந்த முறையைத் தவறாகக் காட்டினால் தவறு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக உள்ளே வருவதால்தான் பூமி சூடாகிறது என்று ஏராளமான பிள்ளைகள் நம்புவதை 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலில் எட்வர்ட் பாய்ஸும் மார்ட்டின் ஸ்டானிஸ்ட்ரீட்டும் பதிவு செய்தார்கள். பின்னர் பல நாடுகளில் அதே பிழை தென்பட்டது. ஓட்டை என்பது வரையத் தோதான படம், அதனால் நினைவில் நிற்கிறது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூல்கள் 'பசுமை இல்ல வாயுக்கள்' என்கின்றன. பசுமை என்ற சொல் தமிழ்க் குழந்தையின் காதில் மரம், செடி, நன்மை என்றே விழும். பசுமை வாயு எப்படிக் கெடுதல் செய்யும் என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சொல் குறிக்கும் கண்ணாடிக் குடிலைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் ஓசூர், ஊட்டிப் பக்கம் வேண்டுமானால் இருப்பார்கள். போர்வை என்ற உவமை இதைவிடத் தேவலை: போர்வை புதிதாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, உடலின் சூட்டை வெளியே விடாமல் நிறுத்துகிறது, தடித்தால் வியர்க்கிறது. பேகனின் போர்வை அழகு. இந்தப் போர்வை சங்கடம்.

அசையும் படம் என்றாலே நன்றாகப் புரியும் என்ற நம்பிக்கையும் ஆய்வில் தேறவில்லை. ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட நான்கு சோதனைகளில் மின்னல், கடலலை, கழிவறைத் தொட்டி, கார் பிரேக் ஆகியவை இயங்கும் விதத்தை ஒரு குழுவுக்குக் குரலோடு கூடிய அனிமேஷனாகவும் இன்னொரு குழுவுக்குத் தாளில் அச்சிட்ட அசையாப் படங்களாகவும் கொடுத்தார்கள். தாளில் படித்தவர்கள் எதிலும் பின்தங்கவில்லை, சிலவற்றில் முந்தினார்கள். காரணம் எளிது. அசையும் படம் நிற்காமல் ஓடிவிடுகிறது. முந்தைய சட்டத்தை மனத்தில் பிடித்துக்கொள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அசையாப் படத்தில் நடுவே நடந்ததைப் பார்ப்பவரே கற்பனை செய்தாக வேண்டும், அந்த உழைப்பே கல்வி. ஆகவே வகுப்பறையில் அனிமேஷனின் மிகப் பயனுள்ள பகுதி அதை நிறுத்தும் பொத்தான் என்று சொன்னால் மிகையில்லை. நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு, பிறகு ஓட்டும் ஆசிரியரிடம் சுமாரான படமும் வேலை செய்யும்.

பேசும் விலங்குகள் பற்றியும் ஒரு வார்த்தை. டொரொண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதை இரண்டு விதமாகப் படித்துக் காட்டப்பட்டது. ஒன்றில் மனிதர்கள், மற்றதில் சட்டை போட்ட விலங்குகள். கதைக்குப் பிறகு தங்களிடமிருந்த ஸ்டிக்கர்களை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது மனிதர் கதை கேட்டவர்களிடம் கூடியது, விலங்குக் கதை கேட்டவர்களிடம் கூடவில்லை. இது படப் புத்தகத்தில் நடந்த சோதனை. திரைப்படத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சதந்திரத்தில் ஊறிய ஒரு சமூகத்தில் முடிவு வேறாகவும் இருக்கலாம். ஆனாலும் நரிக்கும் முயலுக்கும் மனிதப் பேச்சைக் கொடுத்த உடனே நீதி மனிதரைச் சேர்ந்துவிடும் என்பது தானாக நடப்பதல்ல என்று அது காட்டுகிறது.

லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 2024இல் எடுத்த 'ஃப்ளோ' எதிர்த் திசையில் போகிறது. உலகம் வெள்ளத்தில் மூழ்க, ஒரு பூனை, ஒரு நாய், ஒரு கேபிபாரா, ஒரு லெமூர், ஒரு பறவை ஆகியவை ஒரே படகில் ஒதுங்குகின்றன. படம் முழுதும் ஒரு சொல்கூட இல்லை. பூனை பூனையாகவே முதுகை வளைக்கிறது, பயப்படுகிறது, பொருளைத் தட்டி விடுகிறது. 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் உருவான இந்தப் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது. அந்நாட்டுக்கு அதுவே முதல் ஆஸ்கர். வெள்ளம் ஏன் வந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. காலநிலைப் பாடமாக அது குறைதான். ஆனால் தன்னைப்போல் அல்லாத ஒன்றை அதன் இயல்பிலேயே வைத்துப் பார்ப்பது எப்படி என்பதை ரஸ்கல் சொல்லாத அளவுக்கு அது சொல்கிறது. வசனம் இல்லாததால் ராமேஸ்வரத்துக் குழந்தைக்கும் ரீகா நகரக் குழந்தைக்கும் ஒரே படம்தான் கிடைக்கிறது, மொழிபெயர்ப்பு இடையில் நிற்பதில்லை.

பயம் இன்னொரு பக்கம். இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்தி 2021இல் 'லேன்செட்' குழும இதழில் வெளியான ஆய்வில் 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றத்தை எண்ணி மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னார்கள். இதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு மூழ்கும் நகரங்களையும் செத்து மிதக்கும் துருவக் கரடிகளையும் காட்டுவதால் என்ன மிஞ்சும்? ஸ்வீடனில் 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த மரியா ஒயாலா, கவலையை மறைக்காமலே அதற்குள் பொருள் தேடிக்கொள்ளும் பிள்ளைகள், அதாவது பலர் உழைக்கிறார்கள், மாற்றம் நடந்திருக்கிறது என்று எண்ணக்கூடியவர்கள், மன நலத்தோடும் இருக்கிறார்கள், சூழலுக்காகச் செயல்படவும் செய்கிறார்கள் என்று கண்டார். அப்படிப்பட்ட பொருளைத் தரும் படத்துக்குக் கனடாவின் ஃபிரெடரிக் பாக் 1987இல் முடித்த 'மரங்களை நட்ட மனிதன்' இன்றும் அளவுகோல். ஜான் ஜியோனோவின் கதையை ஒட்டிய அரை மணி நேரப் படம் அது. பாக் ஐந்தாண்டுகள் வண்ணப் பென்சிலால் ஆயிரக்கணக்கான சித்திரங்களை வரைந்தார். ஓர் இடையன் தினமும் ஓக் விதைகளைப் பொறுக்கி, நல்லதைத் தேர்ந்து, எண்ணி ஊன்றுகிறான். உலகப் போர்கள் வந்து போகின்றன. வறண்ட மலை மெல்லத் துளிர்க்கிறது. அந்தத் துளிர்ப்பை நிழற்படத்தால் காட்ட முடியாது. ஒரு சித்திரம் கரைந்து இன்னொன்றாகும் அனிமேஷனில்தான் முப்பது ஆண்டுகள் ஒரு மூச்சில் நிகழ்கின்றன. அந்த மனிதனின் முகம் அழகாக வரையப்படவில்லை. குழந்தை நேசிப்பது அவன் வேலையை.

பரிவு பிறப்பதற்கு, அடுத்தவரின் ஒரு நாளை வாழ்ந்து பார்க்கச் செய்வதைவிட நல்ல கருவி இல்லை என்பதைத் தெற்காசியாவின் 'மீனா' கார்ட்டூன் தொடர் முன்பே காட்டிவிட்டது. சார்க் நாடுகள் 1990களைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாக அறிவித்ததையொட்டி யுனிசெஃப் உருவாக்கிய இந்தச் சிறுமியை வடிவமைத்ததில் மும்பையின் ராம் மோகனுக்குப் பெரும் பங்கு. பல நாட்டுக் கிராமங்களில் ஓவியங்களைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, எந்த ஊருக்கும் அந்நியமாகாத உடையும் முகமும் தேர்ந்தார்கள். ஒரு கதையில் தம்பி ராஜுவுக்குப் பெரிய மாம்பழத் துண்டு, மீனாவுக்குச் சிறியது. இருவரும் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மாலையில் ராஜுவுக்குப் புரிகிறது. அக்காவைப் பாவம் பார் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

முகமும் முறையும் ஒன்றாகச் சேரும் பொருள்கள் தேடினால் கிடைக்கும். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை அப்படி ஒன்று. 1980களின் இறுதியிலிருந்து மாணவர்கள் இரவில் மணலில் நடந்து அதன் முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றிவருகிறார்கள். குஞ்சு கையடக்கம், பார்த்தாலே மனம் இளகும். ஆனால் அது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மரபணு அல்ல, மணலின் சூடு. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும், இன்னும் கூடினால் முட்டையே கெடும். இங்கே பரிவு கொள்வதற்கும் வெப்பநிலையைப் புரிந்துகொள்வதற்கும் இடையில் கோடு கிடையாது. துருவக் கரடி தொலைவில் இருக்கிறது. இந்த ஆமை பெசன்ட் நகர் மணலில் வந்து ஏறுகிறது.

பிள்ளைகள் கற்றது வீட்டையும் எட்டும் என்பதற்கு வட கரோலினாவின் கடலோரப் பள்ளிகளில் டேனியல் லாசன் குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு சான்று. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் காலநிலைப் பாடம் படித்து, உள்ளூர்க் களப்பணி செய்து, பெற்றோரைப் பேட்டியும் எடுத்தார்கள். பெற்றோரின் அக்கறை கூடியது, தொடக்கத்தில் குறைந்த அக்கறை காட்டிய அப்பாக்களிடமும் பழமைவாதிகளிடமும் கூடுதலாக. அதில் அனிமேஷன் எதுவும் முக்கியமில்லை. பேட்டியே முக்கியம்.

பார்ப்பதைவிடத் தாமே செய்வதில்தான் இந்தக் கலை பள்ளிக்கு மிகுதியாகக் கைகொடுக்கும். களிமண், ஒரு கைபேசி, அது ஆடாமல் இருக்க ஒரு தாங்கி போதும். விநாடிக்கு 12 படம் என்றால் அரை நிமிடத்துக்கு 360 படம். ஒவ்வொன்றுக்கும் பொருளை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், எவ்வளவு என்று முடிவெடுக்கவும் வேண்டும். கடல்மட்டம் உயர்வதைப் படமாக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கடலில் மிதக்கும் பனிப்பாறையை உருகவைப்பார்கள். பல கார்ட்டூன்கள் அப்படித்தான் காட்டியிருக்கின்றன. பக்கத்தில் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீரும் மிதக்கும் பனிக்கட்டியும் வைத்துவிட்டால் போதும். கட்டி கரைந்து தீர்ந்த பிறகும் தண்ணீர் வழியாது. அப்போது அவர்கள் களிமண் பனியைக் கடலிலிருந்து எடுத்து நிலத்தின்மேல், கிரீன்லாந்தில், வைத்து முதல் சட்டத்திலிருந்து மறுபடி எடுக்கத் தொடங்குவார்கள்.